கொழியும் கோழியும்

தா.பழூருக்கு மேற்கே, கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல மாதா கோயிலைக் கட்டியவர் வீரமாமுனிவர். இத்தாலிக்காரர், சொந்தப் பெயர் பெஸ்கி. பிறந்தது 1680. தமிழகம் வந்தது 1711 வாக்கில், அதாவது முப்பது வயதில்தான் தமிழ் படிக்க ஆரம்பித்தார்.

நெல் விளையும் ஊரில் 'கொழி' என்ற சொல் இல்லாமல் வேலை நடக்காது. அரிசியை முறத்தில் போட்டு அசைத்துக் கல்லையும் குருணையையும் பிரிப்பதுதான் கொழிப்பது. கொஞ்சம் நீட்டினால் கோழி! இத்தாலிய மொழியில் உயிரெழுத்தை நீட்டினாலும் அர்த்தம் மாறாது. அந்தக் காதுக்கு இது பெரிய சோதனை. (ழகரம் தனிச் சோதனை, அது நம்மில் பலருக்கே வராது!)

சரி, ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் கைகொடுக்காது. எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். கொழியும் கோழியும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர் இடம் பார்த்துப் படித்துவிடுவார். புதிதாகப் படிக்கிறவர் என்ன செய்வார்?

நெடிலுக்கு மட்டும் கொம்பைச் சுழித்துக் குழப்பத்தைத் தீர்த்தவர் பெஸ்கி என்றே சொல்கிறார்கள். 1732-ல் சதுரகராதியும் தொகுத்தார். தமிழிலேயே பிறந்து வளர்ந்த புலவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை போலும். இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கொழியையும் கோழியையும் தடுமாறாமல் படிப்பது அந்த ஒரு சுழியால்தான்.