பேசக் கற்ற பூதம்

எரிந்து சரிந்த காற்றாலைக்குள் சிக்கி மாண்டுபோன ஒருவனை நான்கு ஆண்டு கழித்து உயிரோடு கொண்டுவர வேண்டும். யுனிவர்சல் ஸ்டுடியோ அதற்குக் கண்டுபிடித்த வழி, காற்றாலைக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஒரு நிலவறை. 1931 நவம்பரில் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அப்படியொரு நிலவறை இருப்பதற்கான அறிகுறியே கிடையாது. 1935 ஏப்ரலில் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ கூச்சமே இல்லாமல் அதைத் தோண்டி வைத்துக்கொண்டு, பூதம் அதற்குள் விழுந்து தப்பித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குகிறது. இரண்டாம் பாகங்களைப் பற்றி நமக்குள்ள சந்தேகம் எல்லாவற்றுக்கும் இந்த நிலவறை போதும். ஓடிய படத்தை மறுபடி ஓட்ட வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு, அதற்கு ஒரு சாக்கு. இவ்வளவு மலிவான சாக்கில் தொடங்கிய படம்தான் தன் முதல் பாகத்தைவிட மேலான படமாக முடிந்தது. அது எப்படி என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

என் பதில் இது: முதல் பாகம் எதையாவது பாக்கி வைத்திருந்தால்தான் இரண்டாம் பாகம் அதை மிஞ்ச முடியும். 1931 படம் பாதிக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. மேரி ஷெல்லி 1816 கோடையில், தமது 18வது வயதில், ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கி 1818ல் பெயர் போடாமல் வெளியிட்ட நாவலில், உயிர் கொடுக்கப்பட்ட அந்தப் பிறவி ஊமை அல்ல. ஒரு குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவரின் இடுக்கு வழியே அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மொழி கற்கிறது. நூல்களைப் படிக்கிறது. வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, கண் தெரியாத கிழவரிடம் போய்ப் பேசுகிறது. திரும்பி வந்த இளையவர்கள் அடித்து விரட்டிய பிறகுதான் அதன் மனம் கறுக்கிறது. பிறகு தன்னைப் படைத்தவனைத் தேடிப் போய், எனக்கு ஒரு துணையைப் படைத்துக் கொடு என்று வாதாடுகிறது. நாவலின் முதுகெலும்பே இந்த வாதாட்டம்தான். பெக்கி வெப்லிங் எழுதிய மேடை நாடகத்தின் வழியாக ஹாலிவுட்டுக்கு வந்த கதையில் இது எதுவும் மிஞ்சவில்லை. பிணங்களைத் திருடுவது, மின்னலில் உயிரூட்டுவது, தப்பி ஓடுவது, ஊரார் தீப்பந்தம் ஏந்தித் துரத்துவது ஆகியவைதான் வந்து சேர்ந்தன. படத்தில் பூதம் உறுமுகிறது, முனகுகிறது, அவ்வளவுதான்.

எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒருபுறம் இருக்க, புதிதாகச் சேர்த்தது இன்னும் மோசம். ஆய்வகத்திலிருந்து மூளையைத் திருடிவரப் போன வேலையாள் ஃபிரிட்ஸ், நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். நாவலில் இப்படியொரு சங்கதியே இல்லை. ஒரே காட்சியில் மேரி ஷெல்லியின் கேள்வி முழுவதும் கவிழ்ந்துவிடுகிறது. பூதம் கொலை செய்வது ஏன்? மண்டைக்குள் இருப்பது கொலைகாரனின் மூளை, அதனால். படைத்துவிட்டுக் கைகழுவியவனுக்கும், பார்த்ததும் கல்லெறிந்த ஊருக்கும் இதில் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. இரண்டாம் பாகம் இந்த மூளை விவகாரத்தைக் கிட்டத்தட்ட மறந்தே போகிறது. அந்த மறதி தற்செயலா, திட்டமிட்டதா என்று ஆராய்வது வீண். விளைவு மட்டும் தெளிவானது: பூதத்தின் குணத்துக்குக் காரணம் அதன் தலைக்குள்ளிருந்து வெளியே, அதைச் சுற்றியிருக்கும் மனிதர்களிடம் இடம் மாறுகிறது.

முதல் படத்துக்கு உரிய மரியாதையைக் குறைத்தால் என் வாதமே கோணலாகிவிடும். பூதம் முதன்முதலாகத் தோன்றும் காட்சியை இன்றுவரை எந்தப் பேய்ப்படமும் தாண்டவில்லை என்றே சொல்வேன். கதவு திறக்கிறது, முதுகைக் காட்டியபடி உள்ளே வருகிறது, மெல்லத் திரும்புகிறது, கேமரா அடுத்தடுத்த வெட்டுகளில் அந்த முகத்தை நெருங்குகிறது. இசை ஒரு துளியும் இல்லை. பிறகு கூரை திறக்கப்பட்டு வெளிச்சம் விழும்போது அது இரண்டு கைகளையும் தூக்கி ஒளியைப் பிடிக்கப் பார்க்கிறது. ஜாக் பியர்ஸின் ஒப்பனைக்கு அடியில் போரிஸ் கார்லாஃப் என்ற நடிகர் செய்த வேலை அது. லண்டனில் வில்லியம் ஹென்றி பிராட் என்ற பெயரில் பிறந்தவர் அவர்; தந்தை பிரிட்டிஷ் இந்தியாவின் உப்புத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் பூதத்துக்கு நேரே நடிகர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டார்கள். நான்கே ஆண்டில், இரண்டாம் பாகத்தின் பெயர்ப் பட்டியலில் ‘கார்லாஃப்’ என்ற ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது.

ஆக, முகமும் கைகளும் முதல் படத்திலேயே கிடைத்துவிட்டன. இல்லாதது நாக்கு. அதைக் கொடுப்பதற்கு இயக்குநர் ஜேம்ஸ் வேல் ஆரம்பத்தில் விரும்பவில்லை என்பதும் வரலாறு. மறுபடி அதே பூதமா என்று தட்டிக்கழித்து, 1932ல் ‘தி ஓல்ட் டார்க் ஹவுஸ்’, 1933ல் ‘தி இன்விசிபிள் மேன்’ என்று வேறு படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாமதம் நல்லதாகப் போயிற்று. 1931ல் பேசும்பட உலகம் ஒலியை எப்படிக் கையாள்வது என்று தடவிக்கொண்டிருந்தது. அன்றைய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் பின்னணி இசையென்று சொல்ல எதுவும் இல்லை. 1935க்குள் நிலைமை மாறிவிட்டது. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி ஹாலிவுட் வந்திருந்த ஃபிரான்ஸ் வாக்ஸ்மன், பூதத்துக்கு ஒன்று, அதற்காகப் படைக்கப்படும் மணமகளுக்கு ஒன்று, சூழ்ச்சிக்காரர் பிரிட்டோரியஸுக்கு ஒன்று என்று தனித்தனி மெட்டு அமைத்தார். மணமகளுக்கு உயிர் வரும் காட்சியில் முரசு இதயத் துடிப்பாக அடிக்கிறது. சாய்ந்த கோணங்களில் முகங்கள் மாறிமாறி வருகின்றன. கோபுரத்தின் உச்சியிலிருந்து பட்டங்கள் மின்னலைத் தேடிப் பறக்கின்றன. 1931ன் அதே காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முந்தையது ஒத்திகை என்று தோன்றும். செலவும் கூடியது. முதல் படம் 3 லட்சம் டாலருக்குள் முடிந்தது. இரண்டாவது 4 லட்சத்தை ஒட்டிப் போனது. ஆனால் செலவு கூடிய இரண்டாம் பாகங்களுக்கு உலகத்தில் பஞ்சம் கிடையாது. எனவே உயர்வின் காரணத்தைப் பணத்தில் தேடிப் பயனில்லை.

காரணம் காட்டுக்குள் இருக்கும் ஒரு குடிசையில் கிடைக்கிறது. துரத்தப்பட்டுக் காயத்தோடு அலையும் பூதம் வயலின் இசை கேட்டு அந்தக் குடிசைக்கு வருகிறது. உள்ளே கண் தெரியாத துறவி ஒருவர், தனியாக. வந்திருப்பவனின் உருவம் அவருக்குத் தெரியாது. ஊமை என்பதும் காயம் என்பதும் மட்டும் தெரிகிறது. ரொட்டியும் மதுவும் கொடுக்கிறார், சுருட்டு பிடிக்கக் கற்றுத் தருகிறார், ஒவ்வொரு சொல்லாகப் பேசவும் கற்றுத் தருகிறார். நல்லது, கெட்டது, நண்பன், தனிமை எல்லாம் அந்தப் பாடத்தில் வருகின்றன. தனக்கு ஒரு நண்பனை அனுப்பியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி அவர் அழும்போது பூதமும் அழுகிறது. நாவலின் குருட்டுக் கிழவர் இங்கே, 117 ஆண்டுகளுக்குப் பிறகு, வந்து சேர்கிறார். நாவலில் அவரோடு சில நிமிடப் பேச்சுத்தான். படம் அதை ஒரு குடித்தனமாகவே விரித்துக்கொள்கிறது. வழிதவறி வரும் வேட்டைக்காரர் இருவர் அதைக் கலைக்கிறார்கள், குடிசை தீப்பிடிக்கிறது. அதற்குப் பிறகு பூதம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் நமக்குத் தெரியும். அந்தக் காரணத்தை அதன் வாயாலேயே கேட்டிருக்கிறோம். முதல் படத்தில் ஏரிக்கரைச் சிறுமியைத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் பதறும் காட்சியில் இதன் முன்னறிகுறி இருந்தது. ஆனால் அந்தக் காட்சியைத் தணிக்கைக்காரர்கள் நறுக்கி, பூதம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு நிறுத்திவிட்டார்கள். விளைவு, நடந்ததைவிடக் கொடூரமான ஒன்றைப் பார்வையாளர் கற்பனை செய்துகொண்டார்கள். முழுக் காட்சி திரும்பக் கிடைத்தது 1980களில்தான்.

பூதத்தைப் பேசவைத்தது தவறு என்ற ஆட்சேபம் உண்டு. ஆட்சேபித்தவர்களில் முதன்மையானவர் யாரென்றால், கார்லாஃபே. வாய் திறந்தால் மர்மம் போய்விடும் என்பது அவர் கட்சி. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. 1931ல் கன்னம் ஒட்டித் தெரிவதற்காகக் கட்டிய பல்லைக் கழற்றிவிட்டு நடித்தார். 1935ல் வசனம் பேச வேண்டியிருந்ததால் பல் வாயிலேயே இருந்தது, முகம் சற்றுப் பூசினாற்போல் ஆகிவிட்டது. பயங்கரத்தில் முதல் முகத்துக்குத்தான் வெற்றி. ஆனால் இந்த ஆட்சேபத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஊகம் தேவையில்லை, யுனிவர்சலே சோதித்துப் பார்த்துவிட்டது. 1939ல் ரோலண்ட் லீ இயக்கிய ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதம் மறுபடி ஊமை. கார்லாஃப் கேட்டது கிடைத்தது. கிடைத்தபின் அந்தப் பாத்திரத்துக்குச் செய்ய என்ன இருந்தது? பெலா லுகோசி நடித்த இகோர் ஏவினால் போய்க் கொல்வது, இல்லையென்றால் கல்மேடையில் நீட்டிப் படுத்திருப்பது. படம் லுகோசியுடையதாகிவிட்டது. கார்லாஃப் அதோடு முழுநீளப் படங்களில் அந்த வேடத்தைக் கட்டுவதை நிறுத்திக்கொண்டார். 1943ல் ‘ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி உல்ஃப் மேன்’ படத்தில் பூதமாக நடித்த லுகோசி வசனம் பேசித்தான் நடித்தார். படம் முடிந்தபின் ஸ்டுடியோ அந்த வசனங்களை மொத்தமாக வெட்டியது. மிச்சமிருக்கும் காட்சிகளில் சில இடங்களில் உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. நாக்கை எடுத்தபின் பூதம் ஓர் ஏவலாளாக, பிறகு கூட்டத்தில் ஒன்றாக, 1948ல் அபாட்–காஸ்டெல்லோ இரட்டையரின் நகைச்சுவைப் படத்தில் துரத்தும் உருவமாகச் சுருங்கியதுதான் மிச்சம்.

நகைச்சுவை என்றதும் அடுத்த ஆட்சேபம் வந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் விளையாட்டுத்தனம் அதிகம், பயம் நீர்த்துப்போகிறது என்கிறார்கள். ஊனா ஓகானர் நடித்த வேலைக்காரி மின்னியின் அலறல் எனக்கும் அலுப்புத் தட்டுகிறது. அதில் பாதியை வெட்டியிருக்கலாம். எர்னஸ்ட் தெசிஜரின் பிரிட்டோரியஸ் விஷயம் வேறு. கண்ணாடிக் குடுவைகளுக்குள் ராஜா, ராணி, பிஷப் என்று விரல் அளவு மனிதர்களை வளர்த்து வைத்துக்கொண்டு, கல்லறை நிலவறையில் மண்டையோட்டுக்கு எதிரே அமர்ந்து நிதானமாக இரவு உணவு அருந்தும் அந்த மனிதர் சிரிப்பூட்டுகிறார். அதே மூச்சில், உயிர்களைப் படைப்பது அவருக்கு வெறும் பொழுதுபோக்கு என்பதையும் காட்டிவிடுகிறார். முதல் படத்தில் பூதத்தைப் படைத்த ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன் கடவுளாக உணர்வதாகக் கத்துகிறான். அந்த வசனத்தைப் பின்னாளைய மறுவெளியீட்டில் இடியோசையால் மூடினார்கள். 1934 ஜூலைக்குப் பிறகு ஜோசப் பிரீனின் தணிக்கை அலுவலகம் இறுக்கிப் பிடித்த காலத்தில், அப்படி நேரடியாகக் கத்த இடமே இல்லை. கத்த முடியாததைக் கேலியாகச் சொன்னார் வேல். பூதத்தைத் தூணில் கட்டி உயர்த்தும் காட்சி சிலுவையை நினைவூட்டுகிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, காட்டிவிட்டுப் போய்விட்டார்.

முடிவைப் பற்றிய குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. எல்சா லான்செஸ்டர் முன்னுரையில் மேரி ஷெல்லியாகவும் இறுதியில் மணமகளாகவும் வருகிறார். மணமகளாகத் திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். கட்டு அவிழ்ந்த முகம், இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும் செங்குத்தான கூந்தல், பின்னணியில் வாக்ஸ்மனின் கல்யாண மணியோசை. பூதம் ஆசையாகக் கையைத் தொடுகிறது. அவள் அலறுகிறாள், பிறகு அன்னம் சீறுவதுபோல் சீறுகிறாள். நாவலில் துணைவி உயிர் பெறும் முன்பே கிழித்தெறியப்படுகிறாள். படம் அவளைப் பிழைக்கவைத்து, மறுக்கும் உரிமையையும் கொடுக்கிறது. தனக்காகவே படைக்கப்பட்டவளும் தன்னை வெறுப்பாள் என்பது மேரி ஷெல்லி ஓர் அச்சமாக மட்டும் சொல்லி, காட்சியாக எழுதிப் பார்க்காத இடம். ஆய்வகத்தையே தகர்க்கும் ஒரு நெம்புகோலை யார், எதற்காக அங்கே பொருத்தி வைத்தார்கள் என்பதை விட்டுவிடுவோம். பூதம் அதை இழுக்கும் முன் ஹென்றியையும் அவன் மனைவியையும் வெளியே போகச் சொல்கிறதே, அது கடைசி நேர ஒட்டு. முதலில் எடுத்தபடி ஹென்றியும் உள்ளேயே சாக வேண்டும். கோபுரம் இடியும் காட்சியில் உற்றுப் பார்த்தால் அவன் இன்னும் உள்ளே நிற்பது தெரியும். படைத்தவன் கணக்குத் தீர்க்காமல் தப்பிவிட்டான். ஆனால் இதே குற்றம் முதல் படத்தின் மீதும் உண்டு: அங்கேயும் காற்றாலை உச்சியிலிருந்து விழுந்தவனைப் பிழைக்கவைத்து, அப்பா கோப்பை உயர்த்தி வாழ்த்துவதோடுதான் முடித்தார்கள்.

முதல் பாகம் இல்லாமல் இரண்டாவது ஏது என்ற கடைசி ஆட்சேபம் உண்மை, ஆனால் அது முன்னுரிமையைப் பற்றியது, தரத்தைப் பற்றியது அல்ல. அந்த உண்மை எல்லா இரண்டாம் பாகத்துக்கும் பொது. அவற்றில் பெரும்பாலானவை தோற்றதையும் விளக்க வேண்டும் அல்லவா? ‘கிங் காங்’ 1933 மார்ச்சில் வந்தது, ‘சன் ஆஃப் காங்’ அதே ஆண்டு டிசம்பரில். எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து விழுந்தபோதே காங்கின் கதை முழுதாக முடிந்திருந்தது. மகன் குரங்குக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, எனவே குறும்பு செய்தது. ஜப்பானில் 1954 நவம்பரில் வந்த ‘காட்ஜில்லா’, அணுகுண்டையும் அந்த ஆண்டு மார்ச்சில் ஹைட்ரஜன் குண்டுச் சாம்பலில் சிக்கிய மீன்பிடிப் படகையும் மனத்தில் சுமந்த படம். ஆறே மாதத்துக்குள் வந்த இரண்டாம் பாகம் இன்னொரு மிருகத்தைச் சேர்த்து, இரண்டையும் ஒசாகாவில் மோதவிட்டது. எண்ணிக்கை கூடியது, கேள்வி காணாமல் போனது. வேலுக்கு அந்த நெருக்கடி இல்லை. படிக்கப்படாத பாதி நாவல் மேசைமேல் இருந்தது.

முதல் படம் 70 நிமிடம், இரண்டாவது 75. இரண்டையும் வரிசையாக ஒரே மாலையில் பார்த்துவிடலாம், அப்படிப் பார்ப்பதுதான் இந்த வாதத்தை ஏற்கவோ மறுக்கவோ சரியான வழி. அடுத்த வாரம் 1936: வேல் இயக்கிய ‘ஷோ போட்’ செலவு எகிற, லெம்லே குடும்பம் யுனிவர்சல் ஸ்டுடியோவையே பறிகொடுத்த கதை.