கொல்லிமலையும் மருந்து வரத்தும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை மூலிகை வளத்தாற் பெயர் பெற்றது. எனினும் கொள்ளைநோய்க் காலத்து அம்மலை மக்கட்கு உதவி அரிதாகவே எட்டிற்று. 1918-19-இல் உலகைச் சூறையாடிய இன்புளுயன்சாக் காய்ச்சல் ஈண்டும் பரவியது. மலைமேல் வாழ்ந்த சமயத் தொண்டர் ஜெசி பிராண்டும் அவர்தம் மனைவி எவலினும் கஞ்சி காய்ச்சி ஊர்தோறும் கொண்டு சென்று ஊட்டினர். அந்நோய்க்கு அன்று எந்நாட்டிலும் மருந்தில்லை. எழ மாட்டாது கிடந்தார்க்குக் கஞ்சியே மருந்தாயிற்று. பிராண்டு 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே உயிர் நீத்தார்.

மருந்துள்ள நோய்க்கும் அது வேண்டும் இடத்தில் இருத்தல் வேண்டுமன்றோ? இதற்கு வழிகண்டது 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் மருந்தை ஒருசேர வாங்கி மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைப்பதும், ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குரிய கணக்குப் புத்தகத்தின்படி வேண்டுவனவற்றைப் பெறுவதும் அதன் முறை. பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது இடர் மற்றொரு முனையில் தோன்றிற்று. உலகிற்கு மாத்திரை விற்கும் இந்தியா, இறக்குமதி செய்யும் மூலமருந்துப் பொருள்களிற் பெரும்பகுதியைச் சீனத்தினின்றே பெற்றுவந்தது. அவ்வாண்டு மார்ச்சில் பாராசிட்டமால் முதலியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. மூலப்பொருளை உள்நாட்டிலேயே ஆக்குவார்க்கு ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. நன்றே. ஆயினும் ஆலை பெருகுவதனால் மட்டும் எழுபது கொண்டையூசி வளைவுகட்கு மேலுள்ள ஊருக்கு மருந்து சென்று சேராது. மலைமேலேயே தனி இருப்பு வேண்டும். அதன் அளவைக் கணிக்குங்கால் மக்கள்தொகையோடு, மழையில் மண் சரிந்து பாதை அடைபடும் நாள்களையும் சேர்த்தெண்ணுதலே பொருந்தும்.