எத்தனை கூட்டம் மேளம்?

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் நாங்கள் வளர்ந்த அறுபதுகளில் ஒரு திருவிழாவின் தரத்தை இந்த ஒரு கேள்வியாலேயே அளந்துவிடுவார்கள். சிகரத்தின் உயரம், வாணத்தின் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஒரு பகுதியார் உபயகாரர். நேற்றைய பகுதி நாலு கூட்டம் பிடித்தால் இன்றைய பகுதி ஆறு பிடிக்கும். அதற்காக ஆரோ காணியை ஈடு வைத்த கதை விடியும் முன்பே ஒழுங்கையெல்லாம் பரவிவிடும்.

பெரிய மேளம் என்றால் நாதஸ்வரமும் தவிலும். சின்ன மேளம் என்றால் சதிராட்டம். அது தொடங்கினால் ஆச்சிமார் எங்களை "படுங்கோடா" என்று அதட்டுவார்கள். தாங்கள் மட்டும் கச்சான் உடைத்தபடி கண் வெட்டாமல் பார்ப்பார்கள்.

சாமி வீதி சுற்றி முடிந்த பிறகுதான் சமா. தவில்காரர் மாறி மாறி அடிப்பார்கள். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் வாங்கி, கூட்டி, திருப்பிக் கொடுப்பார். சாக்கு விரித்துக் குந்தியிருப்பவர்களில் பாதிப்பேர் விடிந்தால் புகையிலைக்கு இறைக்கப் போகிறவர்கள். துலா மிதித்த காலாலேயே தாளம் போடுவார்கள். கணக்குப் பிசகினால், "ஆள் சறுக்கிட்டான்" என்று மெல்லிய குரலில் தீர்ப்பு வரும். நன்றாக இருந்தால் "சோக்கான அடி". அதற்கும் மேலே போய்விட்டால் "விசரனெல்லே அடிக்கிறான்!" எங்கள் ஊரில் கலைஞனுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பட்டம் அது.

அந்தப் பட்டத்துக்கு முழு உரித்துடையவர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. தமிழ்நாட்டு மேடைகளிலும் பேர் எடுத்த அவர், 1933இல் பிறந்து 1975இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நாதஸ்வரத்தில் என்.கே. பத்மநாதன், அவரும் எங்கள் ஊர்தான். அடுத்த நாள் பெடியள் நாங்கள் விரலில் துணி சுற்றி, பிஸ்கற் ரின்னில் சமா வைப்போம். "ரின்னை உடைக்காதையுங்கோடா" என்று அம்மா கத்துவா.

சமாவுக்குப் போகும் வழியில் எந்தப் பெரியவரும் எங்களை விடமாட்டார்: "நீ ஆற்றை பெடியன்?" அப்புவின் பேரைச் சொல்லவேண்டும். அது போதாவிட்டால் பேரனின் பட்டப்பெயர். பாசமான விசாரிப்பென்று இன்றைக்கும் பலர் இதைச் சொல்லி உருகுகிறார்கள். எனக்கு அவ்வளவு உருக வரவில்லை. எங்கே குந்தலாம், எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பல பேருக்கு அந்தப் பதில்தான் முடிவு செய்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் எத்தனையோ கோயில்களில் ஒரு பகுதி சனம் வாசலைத் தாண்டாமல் எட்ட நின்றுதான் மேளம் கேட்டது. பக்கத்து மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல்.

இந்த ஒதுக்கலைக் கவிதையாக எழுதியவரும் எங்கள் ஊர்க்காரர்தான். 1927இல் இங்கே பிறந்த கவிஞர் மஹாகவி, தேர்வடம் பிடிக்க வந்த ஒருவனை ஊரார் அடித்து வீழ்த்துவதையும், மனிதன் திங்களைத் தொட்டதையும் ஒரே கவிதைக்குள் கொண்டுவந்தார். 'தேரும் திங்களும்' என்று பேர்.

போரினால் நேர்ந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு அந்தக் காலத்துச் சமாக்களைக் கேட்ட காதுகள் கொழும்பு, கனடா, லண்டன் என்று சிதறிப்போயின. மிச்சம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரவுகளைச் சொல்லுங்கோ. எத்தனை கூட்டம் மேளம் என்று சொல்லுகிறபோது, ஆர் ஆர் வெளியிலே நின்று கேட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.