நோ டவுட் இசைக்குழு: ஒலி மாறிய வரலாறு

நோ டவுட், அமெரிக்காவில் ஸ்கா-பங்க் இசையிலிருந்து புறப்பட்டு உலகப் புகழ் பெற்ற இசைக்குழு. டிஸ்னிலாந்து அமைந்துள்ள கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், 1986இல் கீபோர்டு கலைஞர் எரிக் ஸ்டெஃபானியும் பாடகர் ஜான் ஸ்பென்ஸும் இதைத் தொடங்கினர். 1987 டிசம்பரில் ஸ்பென்ஸ் மறைந்தார். அதுவரை துணைக்குரல் கொடுத்துவந்த எரிக்கின் தங்கை குவென், பின்னர் முதன்மைப் பாடகியானார்.

ஸ்கா 1950களின் இறுதியில் ஜமைக்காவில் உருவானது. தாள அடிகளின் இடைவெளியில் கிட்டார் வெட்டி வெட்டி ஒலிப்பதும் ஊதுகருவிகளின் துள்ளலும் அதன் அடையாளங்கள். ஸ்டெஃபானி உடன்பிறப்புகளுக்கு அது நேரே ஜமைக்காவிலிருந்து வரவில்லை. மேட்னஸ் போன்ற இங்கிலாந்துக் குழுக்களின் இசைத்தட்டுகள் வழியே வந்தது. இந்தியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த டோனி கனால் பேஸ் கிட்டாருடனும், ஹெவி மெட்டலில் ஊறிய டாம் டூமாண்ட் கிட்டாருடனும் சேர்ந்தபோது ஒலியின் அடித்தளம் கனத்தது.

1992இல் வந்த முதல் ஆல்பம், கிரஞ்ச் என்ற ராக் வகையின் அலை ஓங்கியிருந்த காலத்தில் எடுபடவில்லை. 1995இல் தாங்களே வெளியிட்ட ‘தி பீக்கன் ஸ்ட்ரீட் கலெக்‌ஷன்’ பங்க் முரட்டுத்தனம் கூடியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘டிராஜிக் கிங்டம்’தான் திருப்புமுனை. ‘ஸ்பைடர்வெப்ஸ்’ பாடலில் ஊதுகருவிகளும் ரெகே நடையும் நிற்க, ‘டோன்ட் ஸ்பீக்’ முழுக்க மெல்லிசையானது. குவென்-கனால் காதல் முறிவின் வலி படிந்த அப்பாடல், அமெரிக்க வானொலிப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே எரிக், ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் அனிமேஷன் பணிக்காகக் குழுவைவிட்டு விலகியிருந்தார்.

‘ரிட்டர்ன் ஆஃப் சாட்டர்ன்’ (2000) நியூ வேவ் பக்கம் சாய்ந்தது. ஸ்காவின் துள்ளல் பின்வாங்கியது. பழைய ரசிகர்களில் சிலருக்கு இது பிரிவாகவே பட்டது. ஆனால் அடுத்து வந்த ‘ராக் ஸ்டெடி’ (2001) ஆல்பத்தை ஊன்றிக் கேட்டால் அந்த மனக்குறை நிற்காது. குழு ஜமைக்காவுக்கே சென்று ஸ்லை அண்ட் ராபி என்ற இசைத் தயாரிப்பாளர் இரட்டையருடன் பணியாற்றியது. பவுண்டி கில்லர், லேடி சா ஆகிய ஜமைக்க டான்ஸ்ஹால் இசைக் கலைஞர்கள் குரல் கொடுத்தனர். ஸ்காவின் வேகமான கிட்டார் வெட்டுகள் குறைந்து, சிந்தசைசரும் கனத்த பேஸும் முன்னுக்கு வந்த இந்த ஆல்பமே, ஸ்கா பிறந்த மண்ணுக்கு இக்குழு மிக நெருங்கிய இடம். இதன் ‘ஹே பேபி’, ‘அண்டர்னீத் இட் ஆல்’ இரண்டும் கிராமி விருது பெற்றன.

நீண்ட இடைவெளிக்குப்பின் 2012இல் ‘புஷ் அண்ட் ஷவ்’ வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடலில் பிசி சிக்னலின் ஜமைக்கக் குரல் மீண்டும் சேர்ந்தது. 2024இல் கோச்செல்லா விழாவில் குழு மறுபடி மேடையேறியது.