சாங்கியிலிருந்து வந்த உப்பு

பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் தோட்ட லயங்களில் முன்பு ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் முதலில் கோயில், பிறகு தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெசர். அவர் கைவிரித்தால் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. 1911-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்கள் பலர்.

மருந்தின் கதையும் இந்தப் பக்கத்தைத் தொட்டுத்தான் போகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியபின், வெறியெழுச்சி (மேனியா) கொண்ட 10 பேருக்கு லித்தியம் என்ற மலிவான உப்பைக் கொடுத்துப் பார்த்து, 1949-இல் முடிவை வெளியிட்டார். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து வந்தது.

வெறியெழுச்சிக்கு லித்தியத்தையும் குளோர்புரோமசின் வகை மருந்தையும் ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும்? லித்தியம் பிடிக்க ஒரு வாரமாவது ஆகும். இரவெல்லாம் தூங்காமல் அலைபவரை வைத்துக்கொண்டு, விடியுமுன் பால்வெட்டப் போகும் குடும்பம் அதுவரை என்ன செய்யும்? இரண்டாவது மருந்து சில நாளிலேயே வேகத்தைத் தணிக்கும். அவ்வகையில் பின்னாளில் வந்த ஒலான்சபின், குவெட்டியபின் நோய் திரும்புவதையும் குறைத்தன. ஆனால் எடையும் சர்க்கரையும் ஏறலாம்.

லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் அதன் அளவு நச்சாகும் வரை உயரக்கூடும். செம்பனைக் குலை வெட்டுபவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, வேலையில் எவ்வளவு வியர்க்கிறது, எவ்வளவு நீர் குடிக்கிறார் என்பதைத்தான்.