மூதேவி

விளக்கு வைக்கும் நேரத்தில் பேரன் படுத்துக் கிடந்தால், "எந்திரிடா மூதேவி!" என்று பாட்டியின் குரல் கேட்கும். தெருவில் பொறுக்கிய கெட்ட வார்த்தையை அவன் வீட்டில் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்பவரும் அதே பாட்டிதான். மூதேவி வீட்டுக்குள் புழங்க அனுமதி பெற்ற வசவு. பெரியவர்களுக்கு மட்டும், சின்னவர்கள் திருப்பிச் சொன்னால் அடி நிச்சயம்.

மூத்த தேவி, அதாவது திருமகளின் அக்காள். 167ஆம் குறள் அவளைத் 'தவ்வை' என்கிறது. தவ்வை என்றாலும் அக்காள்தான். வடமொழி ஜ்யேஷ்டா தமிழில் 'சேட்டை' ஆனாள். காக்கைக் கொடியும் துடைப்பமும் அவள் அடையாளங்கள். பல்லவர் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவளுக்குச் சிற்பமே உண்டு.

பிறகு சோம்பல், தூக்கம், வறுமை எல்லாம் அவள் தலையில் விழுந்தன. பாவம், தங்கைக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பூஜை!

சனியனும் இப்படிக் கோளிலிருந்து வசவாக இறங்கியவர்தான். ஆனால் சனியன் கைதவறிய டம்ளரையும் விடாது. மூதேவி பெரும்பாலும் தூங்குமூஞ்சிகளுக்கு.