பினாங் ஸ்ட்ரீட்டிலிருந்து புறப்பட்ட ஐந்தொகை

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் வெள்ளி ரதம் ஜார்ஜ்டவுனின் பினாங் ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்படும். 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம் அது. அதே தெருவின் செட்டியார் கிட்டங்கிகளிலிருந்து எதிர்த்திசையில், செட்டிநாட்டை நோக்கி, ஆண்டு முழுவதும் ஒரு தாள் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் ஐந்தொகை.

கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒரே கூரையின் கீழ் பல வட்டிக்கடைகள், கடைக்கு ஒரு கைப்பெட்டி, ஓர் அலமாரி. கடையை நடத்தும் ஏஜண்டு, அவருக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் பாயில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைய வரவும் பற்றும் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலுள்ள நிலுவைகளையெல்லாம் ஒரே தாளில் இறக்கினால் ஐந்தொகை. உச்சியில் பிள்ளையார் சுழி, அடுத்துக் கடையின் விலாச எழுத்துகள், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. இரண்டும் ஒரே தொகையில் வந்து நிற்கவேண்டும்.

அந்தத் தாள் கப்பலேறும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்கள் பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் போய்வந்த காலம். ஊரில் அதைப் பிரிக்கும் முதலாளி கடையைக் கண்ணால் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். ஏஜண்டின் தவணை ஏறக்குறைய மூன்று வருஷம். அதுவரை இடையிடையே வரும் கணக்குதான் அவருக்குக் கடை. அதில் ஓடுவது அவர் பணம் மட்டுமா? பங்காளிகள், சம்பந்திகள், பெண்களின் சீதனம், கோவில் பணம் என்று எத்தனையோ பேருடையது. கடை நிற்குமா நிற்காதா என்ற கேள்வி அவர்கள் அத்தனை பேரையும் தொட்டது.

ஐந்தொகையால் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது கடன் வாங்கிய தோட்டக்காரரால் வட்டி கட்ட முடியவில்லை. பேரேட்டில் அவர் பெயருக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வராத பணம் தாளில் வளரும், கூட்டல் பிசகாது. பர்மாவில் இது உச்சத்துக்குப் போனது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவிகித நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் சுமார் 25 சதவிகிதம். விருப்பப்பட்டு வாங்கிய நிலமல்ல, திரும்பி வராத கடன். கணக்கில் அது சொத்து. விற்கப் போனால் வாங்க ஆளில்லை.

ஆகவே ஐந்தொகையைவிட அதோடு போன கடிதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இன்னாரிடம் நிற்பது வராது, இன்ன தோட்டம் கைக்கு வந்தாலும் காசாகாது என்று, வேலை போகுமே என்ற பயத்தோடு எழுதிய ஏஜண்டுதான் முதலாளிக்கு உண்மையான கணக்குக் கொடுத்தவர்.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 19ஆம் தேதி படை நுழைந்தது. ஊருக்குத் தாள் போவது நின்றது. கடன் வாங்கியவர்கள் ஜப்பானியர் வெளியிட்ட வாழைமரத்து நோட்டைக் கொண்டுவந்து கொட்டிப் பழைய கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டார்கள். புத்தகப்படி பாக்கி முழுக்க வசூல். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அந்த நோட்டு செல்லாது என்றது. அந்த நோட்டில் அடைத்த கடன்களை மறுமதிப்பிட 1948இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

இன்று அந்தத் தாள் கப்பலேறுவதில்லை. மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த இரண்டு மாதத்துக்குள் பங்குச்சந்தையில் இடைக்காலக் கணக்கைப் போட்டாக வேண்டும். அடுத்த 12 மாதமாவது நிறுவனம் நடக்குமா என்பதை நிர்வாகம் எடைபோட வேண்டும். பலத்த ஐயம் இருந்தால் விளக்கக் குறிப்புகளில் சொல்ல வேண்டும். காலாண்டுக் கணக்கு பெரும்பாலும் தணிக்கை ஆகாமலே வருகிறது. ஏஜண்டின் கடிதம் இருந்த இடத்தில் இப்போது இருப்பவை அந்தக் குறிப்புகள்தான். பங்கு வைத்திருப்பவர்கள் லாப நட்ட வரியோடு நிறுத்திவிடாமல் கடைசிப் பக்கங்கள் வரை போகவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பினாங்குக்காரர்கள் ஏறி இறங்கும் ஏர்ஏசியாவையே எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜூலையில் அது வெளியிட்ட முதல் காலாண்டுக் கணக்கில் நட்டம் 80 கோடி ரிங்கிட்டுக்கு மேல். அதே வாரம் தணிக்கையாளரின் எச்சரிக்கையும் வெளியே வந்தது. 2019 முடிவிலேயே, கொரோனாவுக்கு முன்பே, நடப்புக் கடன்கள் நடப்புச் சொத்தை 184 கோடி ரிங்கிட் மிஞ்சியிருந்தன. நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் ஐயம் உண்டு என்றது அந்த எச்சரிக்கை. பங்கு விலை சரிந்தது. விமானங்கள் நின்றிருந்த அந்தக் காலத்தில் பங்குச்சந்தை, நெருக்கடிப் பட்டியலில் சேர்க்காமல் 18 மாதச் சலுகை கொடுத்தது. சலுகை முடிந்ததும், 2022 ஜனவரியில், நிதி நெருக்கடி நிறுவனங்களுக்கான பிஎன்17 பட்டியலில் அது சேர்ந்தது. அந்த மாதமே அதன் பெயர் கேப்பிட்டல் ஏ என்று மாறியது. காலாண்டுக் கணக்குகள் அதற்குப் பிறகும் வந்தன, ஒவ்வொன்றின் குறிப்பிலும் சீரமைப்புத் திட்டம் எதுவரை வந்திருக்கிறது என்ற விவரத்தோடு.